வரி கட்டாத மக்காச்சோளம்: மூன்ஷைன் என்றால் என்ன?

மூன்ஷைன் என்றதும் பலருக்கு ஒரு கார்ட்டூன் படம்தான் ஞாபகத்துக்கு வரும். தாடி வைத்த ஒல்லிக் கிழவர், தோளில் துப்பாக்கி, கையில் மூன்று பெருக்கல் குறி போட்ட மண்ஜாடி, காலடியில் தூங்கும் நாய். அது ஏதோ தனி வகைச் சரக்கு, குடித்தால் கண் போய்விடும் என்றும் கூடவே நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது என்ன சரக்கு என்று கேட்டால் பதில் கொஞ்சம் சப்பென்றிருக்கும். மக்காச்சோளத்தில் காய்ச்சிய, தண்ணீர் மாதிரி நிறமில்லாத விஸ்கி, அவ்வளவுதான். கிட்டத்தட்ட இதே சரக்கை உரிமம் வாங்கிக் காய்ச்சி, உள்பக்கம் கருக்கிய ஓக் பீப்பாயில் சில வருஷம் போட்டு வைத்து, வரியும் கட்டிவிட்டால் அதற்குப் பெயர் போர்பன். ராத்திரியில் காட்டுக்குள் காய்ச்சி, பீப்பாய்க்கும் காத்திருக்காமல், வரியும் கட்டாமல் விற்றால் மூன்ஷைன். நிலா வெளிச்சத்தில் நடக்கிற வேலை என்பதால் அந்தப் பெயர். ஆக, உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட வரி கட்டவில்லை என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை சுலபம்.

கள்ளச்சாராயம் என்று தமிழில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆஸ்பத்திரி வாசலும் ஒப்பாரியும்தான் கண்ணுக்கு முன்னால் வரும். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைக்காரர்களுக்கு மூன்ஷைன் என்றால் தாத்தா, ஓடை, இருமல் மருந்து, கார் பந்தயம் எல்லாம் சேர்ந்து வரும். அதனால் மூன்ஷைன் என்றே எழுதுகிறேன்.

முதலில் இடம். அப்பலாச்சியன் மலைகள் அமெரிக்காவின் கிழக்குப் பக்கமாகத் தெற்கு வடக்காக நீளும் பழைய மலைத்தொடர். நம் கதைக்குத் தெற்குப் பகுதி போதும்: வட கரோலினாவின் மேற்கு, டென்னசியின் கிழக்கு, ஜார்ஜியாவின் வடக்கு, விர்ஜீனியாவின் தென்மேற்கு, கெண்டக்கியின் கிழக்கு, அப்புறம் மேற்கு விர்ஜீனியா. செங்குத்தான சரிவுகள், நடுவில் குறுகலான பள்ளத்தாக்குகள் (அங்கே வழக்கில் 'ஹாலர்'), ஒவ்வொன்றிலும் ஒரு ஓடை. 18ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறியவர்களில் பெரும் கூட்டம் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்த ஸ்காட்லாந்து வம்சாவளியினர். ஊரிலேயே பார்லியில் விஸ்கி காய்ச்சிப் பழகியவர்கள். இங்கே, செரோக்கி மக்கள் காலங்காலமாகப் பயிரிட்டுவந்த மக்காச்சோளம்தான் மலைச்சரிவில் நன்றாக விளைந்தது. அதையே ஊறப்போட்டார்கள்.

குடிக்க மட்டும்தான் காய்ச்சினார்கள் என்று நினைத்தால் பாதிதான் சரி. மீதிப் பாதி போக்குவரத்துக் கணக்கு. ஒரு புஷல் மக்காச்சோளம் 56 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோ. சாலையே இல்லாத மலைப்பாதையில் ஒரு குதிரை நாலு புஷல் சுமக்கும், அதை விற்றுக் கிடைக்கும் காசு வழிச்செலவுக்கே சரியாகப் போகும். அதே குதிரையின் இரண்டு பக்கமும் சின்னப் பீப்பாய்களில் சாராயத்தைக் கட்டி அனுப்பினால் ஏறக்குறைய 24 புஷல் தானியம் சந்தைக்குப் போன மாதிரி என்பது அந்தக் காலத்துக் கணக்கு. சோளத்தை எலி தின்னும், பூஞ்சை பிடிக்கும். சாராயத்துக்கு அந்தக் கவலையும் கிடையாது. கையில் காசே புழங்காத ஊர்களில் உப்புக்கும் ஆணிக்கும் பண்டமாற்றாக அதுவே ஓடியது. விவசாயி விளைச்சலைக் கெடாத சரக்காக மாற்றி விற்றான், அவ்வளவே.

பிறகு வரி வந்தது. சுதந்திரப் போரில் சேர்ந்த கடனை அடைக்க, நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் யோசனைப்படி 1791இல் சாராயத்துக்கு வரி போட்டார்கள். மேற்கு பென்சில்வேனியாவில் கலகம் வெடித்தது. வரி வசூலிக்க வந்தவர்களைப் பிடித்துத் தார் பூசி இறகு ஒட்டி அனுப்பினார்கள். 1794இல் ஜனாதிபதி வாஷிங்டன் சுமார் 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டிக் கிளம்பியதும் கலகம் அடங்கியது. 1802இல் ஜெபர்சன் காலத்தில் அந்த வரியே ரத்தானது. 1812 போரை ஒட்டிச் சில வருஷம் திரும்பி வந்ததைத் தவிர, இரண்டு தலைமுறைக்கு மலைக்காரன் நிம்மதியாகக் காய்ச்சினான். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862இல் வரி மறுபடி வந்தது, இந்த முறை போகவே இல்லை. தொடக்கத்தில் காலனுக்கு 20 சென்ட். 1865க்குள் 2 டாலர். தாத்தா பகலில் ஓடைக்கரையில் உட்கார்ந்து செய்த அதே வேலையைப் பேரன் செய்தால் ஜெயில். பானையும் அதேதான், சோளமும் அதேதான்.

சரி, அந்தப் பானையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். (செய்முறை எழுதவில்லை, யாரும் முயற்சி செய்ய வேண்டாம்; சாராய ஆவி தீப்பிடிக்கும், வெடிக்கும்.)

முதல் வேலை முளைகட்டுவது. மக்காச்சோளத்தைச் சாக்கில் கட்டி நனைத்து, கதகதப்பான இடத்தில் வைத்தால் முளை விடும். முளை விடும்போது உண்டாகும் நொதிகள்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அதைக் காயவைத்து அரைத்து, வெந்த சோளமாவுக் கூழில் கலந்து மரப்பீப்பாயில் விட்டால் ஊறல் தயார். சில நாளில் அது நுரைத்துப் பொங்கும், மேலே தொப்பி மாதிரி ஒரு பொருக்குக் கட்டும். காதைக் கொண்டுபோனால் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சலசலப்பு கேட்கும். அந்தச் சத்தம் ஓய்ந்து தொப்பி அமிழ்ந்தால் பதம் வந்துவிட்டது. தெர்மாமீட்டர் கிடையாது, புத்தகம் கிடையாது, காதும் மூக்கும்தான். ஒருநாள் முந்தினால் இனிப்பு வீண், பிந்தினால் புளித்துக் காடியாகிவிடும். காட்டு விலங்குகள் வாசனைக்கு வந்து பீப்பாயில் விழுந்து செத்துக்கிடந்த கதைகளும் நிறைய உண்டு. அந்த ஊறலை என்ன செய்தார்கள் என்று நாகரிகம் கருதி யாரும் கேட்பதில்லை.

அப்புறம் காய்ச்சுவது. சாராயம் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100இல். இந்த இடைவெளிதான் மொத்தத் தொழிலும். கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய அடுப்பின் மேல் செப்புப் பானை. செம்பு வெப்பத்தைச் சீராகக் கடத்தும், ஊறலில் உள்ள கந்தக நாற்றத்தையும் பிடித்துக்கொள்ளும். பானைக்கு மூடி, மூடியிலிருந்து ஒரு குழாய். இணைப்புகளை ரை என்ற தானியத்தின் மாவைப் பசையாகப் பிசைந்து அடைப்பார்கள். பார்த்தால் ஏழையின் ஒட்டுவேலை மாதிரி தெரியும், ஆனால் உள்ளே அழுத்தம் கூடினால் பானை வெடிப்பதற்கு முன் அந்த மாவு பிய்த்துக்கொண்டு போய்விடும். எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த நுணுக்கம் இதுதான்.

ஆவி அடுத்து ஒரு சின்னப் பீப்பாய்க்குள் போகும். அதன் பெயரே 'தம்ப் கெக்', அதாவது தொம் தொம்மென்று இடிக்கும் பீப்பாய். சூடான ஆவி உள்ளே இருக்கும் திரவத்துக்குள் குமிழியிட்டு நுழையும்போது வருகிற சத்தம் அது. இரண்டாம் முறை காய்ச்ச வேண்டிய வேலையை அந்தப் பீப்பாயே முடித்துவிடும். கடைசியில் சுருள் செப்புக் குழாய்; அதைப் 'புழு' என்பார்கள். ஓடையிலிருந்து மரத்தொட்டிக்கு வாய்க்கால் வெட்டி, குளிர்ந்த தண்ணீர் ஓடும் அந்தத் தொட்டிக்குள் புழுவை அமிழ்த்தி வைத்தால், மறுமுனையில் சொட்டுச் சொட்டாகச் சாராயம் இறங்கும். காய்ச்சும் இடம் எப்போதும் ஓடைக்கரையிலேயே இருந்தது இதனால்தான். பிடிக்க வந்த அதிகாரிகளும் ஓடையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினார்கள், அதுவும் இதனால்தான்.

முதலில் இறங்குவதைக் குடிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும்; நடுவில் வருவதுதான் சரக்கு; கடைசியில் வருவது தண்ணீர்த்தனமும் எண்ணெய் வாடையுமாக இருக்கும், அதை அடுத்த முறைப் பானையில் ஊற்றுவார்கள். எங்கே பிரிப்பது என்பதைக் குமிழ்மணி பார்த்து முடிவு செய்தார்கள். கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்து உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால் மேலே குமிழ்கள் மணிமணியாகக் கோத்து நிற்கும். பெரிய மணியாக வந்து சட்டென்று உடைந்தால் சரக்கு கடுமை; பொடி மணியாக வந்து நெடுநேரம் நின்றால் தண்ணீர் கூட. மணி பாதி மேலேயும் பாதி உள்ளேயும் மிதந்தால் நூறு புரூஃப், அதாவது சரிபாதி சாராயம். கைதேர்ந்த கிழவர்கள் கருவி வைத்து அளந்த மாதிரியே சொல்வார்களாம். மட்டச் சரக்கில் எதையாவது கலந்து பொய் மணி வரவைத்து விற்ற கில்லாடிகளும் இருந்தார்கள்.

இன்னொரு சோதனை, கரண்டியில் ஊற்றிக் கொளுத்திப் பார்ப்பது. நீலமாக எரிந்தால் நல்லது, சிவப்பாக எரிந்தால் ஈயம், ஆளைக் கொல்லும் என்று பழமொழியே வைத்திருந்தார்கள். இதை மட்டும் நம்ப முடியாது. மெத்தனால் என்ற விஷச் சாராயத்தின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. விஷத்தைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

காய்ச்சியதைவிட ஒளித்தது பெரிய கலை. ரோடோடென்ட்ரான், லாரல் புதர்கள் மண்டிய இடமாகப் பார்த்து அடுப்பு போட்டார்கள். இலை உதிராத புதர் என்பதால் பனிக்காலத்திலும் மறைவு இருக்கும். அடுப்பு மூட்டும்போதுதான் புகை அதிகம், ஆகவே விடிவதற்கு முன்பே மூட்டிவிடுவார்கள். பிறகு நன்றாகக் காய்ந்த, புகை குறைந்த விறகாகப் போடுவார்கள். ஒரே வழியாக நடந்தால் தடம் விழும் என்று தினம் ஒரு வழி. மாட்டுக் குளம்பு மாதிரி செதுக்கிய மரத்துண்டைச் செருப்பில் கட்டி நடப்பது அமெரிக்கா முழுக்கப் பேர்போன தந்திரம். பிடிபட்ட அப்படி ஒரு செருப்பின் 1920களின் புகைப்படம் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. இவ்வளவும் செய்துவிட்டுப் பன்றியிடம் கோட்டைவிட்டவர்களும் உண்டு. ஊறல் என்றால் பன்றிக்கு உயிர். தள்ளாடிக்கொண்டு வரும் பன்றியைப் பார்த்தால் ரெவன்யூக்காரர்களுக்கு, அதாவது வரி அதிகாரிகளுக்கு, வேறு துப்பே வேண்டாம்.

ரெவன்யூக்காரர் என்பது அங்கே வழங்கிய பெயரேதான், 'ரெவின்யூவர்'. அவர்கள் பள்ளத்தாக்குக்குள் கால் வைத்ததும் ஒரு வீட்டில் கொம்பு ஊதும், அடுத்த வீட்டில் துப்பாக்கி வெடிக்கும், சேதி மேலே போய்ச் சேர்ந்துவிடும். வாங்குவதிலும் ஒரு முறை இருந்தது. பொந்து விழுந்த மரக்கட்டைக்குள் காசையும் காலி ஜாடியையும் வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் ஜாடி நிறைந்திருக்கும். யார் நிரப்பினார்கள் என்று கோர்ட்டில் சத்தியம் செய்து கேட்டாலும் 'நான் யாரையும் பார்க்கவில்லை' என்று பொய் சொல்லாமலே சொல்லலாம்.

இதெல்லாம் கேட்கச் சுவாரசியமாக இருந்தாலும் ரத்தமும் இருந்தது. 1880களிலும் 90களிலும் வடக்கு ஜார்ஜியாவில் முகமூடிக் கும்பல்கள், துப்புக் கொடுத்தவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களை அடித்தன, வீடுகளைக் கொளுத்தின. அதிகாரிகளும் செத்திருக்கிறார்கள், காய்ச்சியவர்களும் செத்திருக்கிறார்கள். மலைக்காரர்களின் வீரக்கதையாக மட்டும் இதைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஊர் வாழ்க்கையில் அதன் இடம் வேறு மாதிரி. அறுவடை முடிந்ததும் அக்கம்பக்கத்தார் கூடிச் சோளக்கதிர் உரிப்பார்கள். வீட்டுக்காரர் கதிர்க்குவியலின் அடியில் ஒரு ஜாடியைப் புதைத்து வைத்திருப்பார். ஜாடி கிடைக்க வேண்டுமானால் குவியல் மொத்தமும் உரித்தாக வேண்டும்; கூலி இல்லாமல் வேலை வாங்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா? சிவப்புக் கதிர் கிடைத்த பையனுக்கு விரும்பிய பெண்ணிடம் ஒரு முத்தம் கேட்க உரிமை. டாக்டர் எட்டாத ஊர்களில் மருந்தும் அதுவே: காட்டுச் செர்ரிப் பட்டையை ஊறவைத்து இருமலுக்கு, கற்கண்டு கரைத்துத் தொண்டைக்கு. ஞாயிற்றுக்கிழமை பாப்டிஸ்ட் போதகர் குடியைக் கண்டித்துப் பேசுவார், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் 'மருந்து' இருக்கும்.

நாட்டுக்கதைகளில் எனக்கு மறக்காதது மஹாலா முல்லின்ஸ் என்ற பெண்மணியின் கதை. டென்னசியின் ஹான்காக் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நியூமன்ஸ் ரிட்ஜ் மலைமுகட்டில் இருந்தவர், மெலன்ஜியன் என்று அழைக்கப்படும் கலப்பு வம்சாவளிச் சமூகத்தைச் சேர்ந்தவர். வீட்டிலிருந்தே பகிரங்கமாகச் சாராயம் விற்றார். மிகவும் பருமனான உடல்; கதையில் அவர் எடை சொல்பவரைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். கைது செய்யப் போன அதிகாரி வாசல் வழியாக அவரை வெளியே கொண்டுவர வழி தெரியாமல் திரும்பி வந்து, 'ஆளைப் பிடிக்கலாம், கொண்டுதான் வர முடியாது' என்று சொன்னாராம். 1898இல் அவர் இறந்தபோது புகைபோக்கிப் பக்கச் சுவரைத் திறந்துதான் உடலை எடுத்தார்கள் என்பதும் கதையில் உண்டு. அவர் வீடு இன்றும் இருக்கிறது, மலையிலிருந்து கீழே வார்டி பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

1920இல் நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது. குடிசைத் தொழில் அத்தோடு தொழிற்சாலையானது, சரக்கும் அத்தோடு கெட்டது. சிகாகோவும் நியூயார்க்கும் எவ்வளவு வந்தாலும் வாங்கும். முளைகட்டிக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? சர்க்கரையை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். விர்ஜீனியாவின் பிராங்க்ளின் கவுண்டி 'உலகின் மூன்ஷைன் தலைநகர்' என்று பெயர் வாங்கியது. 1935இல் அங்கே நடந்த சதி வழக்கில் வெளிவந்த கணக்கு: சில வருஷத்தில் அந்த ஒரு கவுண்டிக்குள் போன சர்க்கரை 3.3 கோடி பவுண்டுக்கு மேல். அதாவது சுமார் 15,000 டன். கேக் சுட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

விஷமும் பெருமளவு இந்தப் பேராசையோடு வந்ததுதான். தானியத்தை ஊறவைத்தால் உண்டாகும் மெத்தனால் மிகக் கொஞ்சம். ஆளைக் கொன்றது இரண்டு விஷயம். ஒன்று, செப்புச் சுருளுக்குப் பதிலாகப் பழைய கார் ரேடியேட்டரைப் பயன்படுத்தியது; அதன் பற்றவைப்பில் உள்ள ஈயம் சரக்கில் இறங்கும். இன்னொன்று, தொழிற்சாலை மெத்தனாலை வாங்கிக் கலந்தது. 1951இல் அட்லாண்டாவில் அப்படிக் கலந்து விற்ற சரக்கால் சுமார் 40 பேர் செத்தார்கள், பலருக்குப் பார்வை போனது. நம் ஊர்ச் செய்திகளில் வருகிற மெத்தனால் சாவுகளும் இதே வகைதான். தன் அண்டை வீட்டாருக்கு விற்கிறவன் தானும் அதே ஜாடியில் குடிப்பான். முகம் தெரியாத நகரத்துக்கு விற்கிறவனுக்கு அந்தப் பயம் இல்லை.

சரக்கை நகரத்துக்குக் கொண்டுபோக வேகமான கார் வேண்டும். 1940 மாடல் ஃபோர்டு கூப்பே, வி8 எஞ்சின், பின்பக்கம் கூடுதல் ஸ்பிரிங். ஜாடிகளை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது, பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. மலைப்பாதையில் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டிப் பழகிய இந்தப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்தரையில் போட்டி போட்டார்கள். 1948இல் உருவான நாஸ்கார் பந்தய அமைப்புக்கு முதல் தலைமுறை ஓட்டுநர்களில் பலர் இங்கிருந்துதான் வந்தார்கள். 1949 ஜூனில் சார்லட் நகரில் நடந்த அதன் முதல் 'ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்' பந்தயத்தில் (கம்பெனி கொடுத்த காரை மாற்றாமல் ஓட்ட வேண்டிய பந்தயம்) முதலாவதாக வந்த கிளென் டனவேயின் வெற்றியைப் பறித்துவிட்டார்கள். காரணம், அவர் ஓட்டிய ஃபோர்டில் சாராயம் கடத்துகிறவர்கள் செய்யும் அதே பின் ஸ்பிரிங் வேலை. வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டிக்காரரான ஜூனியர் ஜான்சன் 1956இல் அப்பாவின் சாராய அடுப்பருகே பிடிபட்டு 11 மாதம் ஜெயிலில் இருந்தார், வெளியே வந்து பெரிய பந்தய வீரரானார். 1986இல் ஜனாதிபதி ரேகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

மவுண்டன் டியூ குடித்திருப்பீர்கள். அது மூன்ஷைனுக்கு மலைக்காரர்கள் வைத்த செல்லப்பெயர். 1940களில் டென்னசியின் நாக்ஸ்வில்லில் ஹார்ட்மன் சகோதரர்கள் விஸ்கியில் கலந்து குடிக்க ஒரு சோடா தயாரித்து, கிண்டலாக அந்தப் பெயரை வைத்தார்கள். ஆரம்பகாலப் பாட்டிலில் நாட்டுப்புறத்தான் படமே இருந்தது.

இன்றைய நிலைமை கொஞ்சம் வேடிக்கை. மத்தியச் சட்டப்படி இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் பீரும் 200 காலன் ஒயினும் தாராளமாகத் தயாரிக்கலாம். உரிமம் இல்லாமல் சாராயம் காய்ச்சினால் 5 வருஷம் வரை ஜெயில் என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. இன்னொரு பக்கம், டென்னசி 2009இல் சட்டத்தைத் தளர்த்தியதும் மலையடிவாரச் சுற்றுலா ஊரான கேட்லின்பர்க்கில் உரிமம் பெற்ற மூன்ஷைன் ஆலை 2010இல் திறந்தது. பழம் ஊறவைத்த, கலர் கலரான, திருகு மூடி போட்ட மேசன் கண்ணாடி ஜாடியில் அடைத்த மூன்ஷைன். முறையாக வரி கட்டியது. அப்படியென்றால் அது மூன்ஷைனா என்று மேலே முதல் பத்தியைப் படித்த உங்களுக்குத் தெரியும்.

பாப்கார்ன் சட்டன் என்று ஒருவர் இருந்தார். மார்வின் சட்டன் இயற்பெயர்; நீண்ட தாடி, கந்தலான ஓவரால், வட கரோலினாவின் மேகி வேலியில் பிறந்து டென்னசியில் காய்ச்சியவர், கார்ட்டூன் கிழவர் உயிரோடு வந்த மாதிரி இருப்பார். கேமரா முன்னாலேயே காய்ச்சிக் காட்டிப் பிரபலமானார், அதனாலேயே பிடிபட்டார் என்றும் சொல்லலாம். 18 மாதச் சிறைத் தண்டனைக்கு நேரில் போய்ச் சேர வேண்டிய நாள் நெருங்கும்போது, 2009 மார்ச்சில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே வருஷம்தான் டென்னசி சட்டத்தை மாற்றியது. அடுத்த வருஷம் அவர் பெயரிலேயே ஒரு வெள்ளை விஸ்கி கடைக்கு வந்தது, உரிமத்தோடு, வரி கட்டி.